ஓய்வுபெறும் அதிகாரிக்கு ஒரு தேக்கு ஊஞ்சல்: அவருக்கே தெரியாமல் செய்து முடிக்க

கோவையில் நான் வேலை பார்க்கும் பம்பு தொழிற்சாலையின் உற்பத்தி ஜி.எம். (பொது மேலாளர்) 2023 அக்டோபர் 31 அன்று ஓய்வுபெற்றார். 31 வருட சர்வீஸ். சால்வை, வெள்ளி விளக்கு, சுவர்க்கடிகாரம் எதுவும் வேண்டாம், மனுஷன் தினமும் உட்காருகிற மாதிரி ஒன்று செய்து கொடுப்போம் என்று கேன்டீனில் பேச்சு எழுந்தது. ஊஞ்சல் என்று யாரோ சொன்னார்கள். அட்மின் பிரிவில் இருப்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மூன்று மாதம் அலைந்தேன். ஒரு கடையில் அட்வான்ஸ் மாட்டிக்கொண்டது. ஒரு மெயிலால் ரகசியமே உடையப் பார்த்தது. கடைசி வாரத்தில் பாலிஷ் வெளுத்தது. உங்கள் அலுவலகத்திலும் யாருக்காவது மரச்சாமான் செய்து கொடுக்கும் யோசனை இருந்தால், கீழே உள்ளதைப் படித்துவிட்டு இறங்குங்கள். ஊஞ்சலுக்குப் பதில் சாய்வு நாற்காலி, எழுதும் மேசை என்றாலும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நல்ல ஆசாரி "இருபது நாள்ல முடிச்சுத் தர்றேனுங்க" என்பார். பொய் சொல்லவில்லை, அவர் சொல்வது உளி பிடிக்கிற நாட்களை மட்டும். அதற்கு முன்னால் அளவு எடுக்கவும் படம் போடவும் இரண்டு வாரம், பண ஒப்புதலுக்கு இரண்டு வாரம், மரம் பார்க்க ஒரு வாரம். பின்னால் பாலிஷுக்குப் பத்து நாள், கையிருப்பாக ஒரு வாரம். ஆக, பத்து வாரத்துக்குக் குறைந்தால் கடையில் ரெடிமேடாக வாங்கிவிடுவதே மேல்.

நாள்காட்டியையும் பாருங்கள். ஆவணி முகூர்த்தங்கள் வந்துவிட்டால் பட்டறை முழுக்க சீர் கட்டிலும் பீரோவும்தான், உங்கள் வேலை ஓரத்துக்குப் போய்விடும். ஆயுத பூஜைக்குக் கருவியைக் கழுவிப் பொட்டு வைத்துப் படுக்கப் போட்டால் இரண்டு மூன்று நாள் யாரும் தொடமாட்டார்கள். 2023-இல் அது அக்டோபர் 23. எங்களுக்குச் சரியாகக் கழுத்தைப் பிடித்த வாரம்.

2. யாருக்கெல்லாம் தெரியலாம் என்று முதலில் எழுதிவையுங்கள்

எங்கள் கம்பெனியில் 25,000 ரூபாய்க்கு மேல் எந்த பர்ச்சேஸ் ஆர்டர் போட்டாலும் ஒப்புதல் கேட்டு ஜி.எம்.முக்குத் தானாக மெயில் போகும். எந்த ஜி.எம்.? அதே ஜி.எம்.தான். நான் "தேக்கு ஊஞ்சல், ஒன்று" என்று டைப் செய்து சேமித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். அன்றைக்கு அவர் மும்பை விமானத்தில் இருந்தார். ஐ.டி. பையன் ஓடிப்போய் மெயிலை எடுத்ததால் பிழைத்தோம்.

ஆகவே பரிசு பெறுபவரின் பெயர் ஒப்புதல் வரிசையில் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். அவருக்கு மேலே இருப்பவரிடம், எங்களுக்கு எம்.டி. (நிர்வாக இயக்குநர்), காகிதத்தில் கையெழுத்து வாங்கி, ஃபைனான்ஸ் தலைவர் மூலம் நேரடியாகப் பணம் போகும்படி செய்துகொள்ளுங்கள். ரகசியம் காக்கிறேன் என்று பில்லில் பொருளின் பெயரை மாற்றிப் போடச் சொல்லாதீர்கள். "ரிப்பேர் வேலை" என்று போட்ட பில்லுக்கு ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் விளக்கம் கேட்கும்போது அங்கே நீங்கள்தான் நிற்க வேண்டும். செலவுத் தலைப்பு "ஊழியர் நலன்" என்று இருந்தால் போதும், அது உண்மையும்கூட.

எங்கள் பட்டியலில் ஐந்தே பேர்: எம்.டி., ஃபைனான்ஸ், ஹெச்.ஆர்., நான், அப்புறம் அவருடைய மனைவி. வீட்டில் ஒருவராவது கூட்டுச் சேராமல் இது நடக்காது. ஏன் என்று 4-இல் தெரியும்.

3. பணம் யாருடையது? வரி யார் தலையில்?

சலிப்பான பகுதிதான், ஆனாலும் தாண்டிப் போகாதீர்கள். நான் சொல்லும் கணக்கு 2023-24 நிதியாண்டுக்கானது. வரம்புகளைத் திருத்துவார்கள், நீங்கள் செய்யும் வருடத்துக்கு எது என்று ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

கம்பெனி தன் ஊழியருக்குப் பொருளாகக் கொடுக்கும் பரிசின் மதிப்பு வருடத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால், அது சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாகக் கணக்கிடப்பட்டு அவருக்கு வருமான வரி வரும். அதாவது ஊஞ்சலைக் கொடுத்துவிட்டு, கடைசி செட்டில்மென்ட்டில் அதற்கு வரி பிடித்திருப்பார்கள். 30 சதவீத வரம்பில் இருக்கும் அதிகாரிக்கு இது ஆயிரங்களில் போகும். பரிசு கொடுத்த மாதிரியா இருக்கும்? அந்த வரியைக் கம்பெனியே ஏற்றுக் கட்டவும் சட்டத்தில் இடம் உண்டு. எங்கள் எம்.டி. அதற்கு ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சம்பளப் பிரிவு கடைசி மாதக் கணக்கை மூடும் முன்பே சொல்லியாக வேண்டும்.

ஜி.எஸ்.டி. தனி. மரச்சாமானுக்கு 18 சதவீதம். பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியாது, ஆகவே அந்த 18-ஐயும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். ஓர் ஊழியருக்கு ஒரு நிதியாண்டில் கொடுக்கும் பரிசு 50,000 ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி.யில் அது சப்ளையாகவே, அதாவது வரி போடக்கூடிய விநியோகமாகவே, கருதப்படாது. தாண்டினால் வேறு கேள்விகள் கிளம்பும். நாங்கள் கம்பெனியின் பங்கை 50,000-க்குள் நிறுத்தியதற்கு அதுதான் காரணம். மிச்சம் ஊழியர் வசூல்: 67 பேர், தலைக்கு 400 ரூபாய், மொத்தம் 26,800. வசூல் பணத்தில் வாங்கியவற்றுக்குத் தனிப் பில், தனி நபர் பெயரில். இரண்டையும் ஒரே பில்லில் கலக்காதீர்கள்.

பெறுபவர் ஊழியராக இல்லாமல் டீலரோ வாடிக்கையாளரோ என்றால் சட்டம் வேறு. 2022 ஜூலை 1 முதல், தொழில் தொடர்பில் ஒருவருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுத்தால் 10 சதவீத டி.டி.எஸ். (கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) உண்டு. பொருளாகக் கொடுப்பதால் பிடித்தம் செய்ய அங்கே பணம் இருக்காது. ஆகவே பொருளைக் கையில் கொடுக்கும் முன்பே வரி கட்டப்பட்டிருக்க வேண்டும்.

4. அளவு: ரகசியமும் டேப்பும் ஒத்துப்போகாத இடம்

சேலை எடுப்பது மாதிரி உத்தேசமாக எடுக்கிற பொருள் இல்லை இது. வீட்டைப் பார்க்காமல் ஊஞ்சல் செய்தால் அது வராந்தாவில் சாத்தி வைத்த பலகையாக முடியும். நாங்கள் அவர் மனைவியிடம் போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க தம்பி, ஹாலுக்கு நடுவுல ஃபேன் இருக்குதே, ஊஞ்சல எங்க மாட்டுவீங்க?" அதுவரை எங்களில் ஒருவருக்கும் ஃபேன் ஞாபகமே வரவில்லை. பின்கட்டு வராந்தாவில் கான்கிரீட் போடும்போதே வைத்த இரண்டு கொக்கிகள் இருந்தன, துணி காயப்போடும் கயிறு கட்டியிருந்தார்கள். இடம் கிடைத்தது.

ஜி.எம். காலை நடைக்குப் போகும் முக்கால் மணி நேரத்தில் அந்த அம்மா தையல் டேப்பால் அளந்து, டேப்போடு போட்டோ எடுத்து அனுப்பினார். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை இவை:

கொக்கிக்கும் கொக்கிக்கும் இடைவெளி, நடுவிலிருந்து நடுவுக்கு. முதல் தடவை எங்களுக்கு வந்தது உள்விளிம்பு அளவு. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்ததில் தெரிந்து, மறுபடி அளக்கச் சொன்னோம். சரியான அளவு நாலே முக்கால் அடி. பலகையின் வளையங்களை இரு முனையிலிருந்தும் நாலரை அங்குலம் உள்ளே வைக்க வேண்டும் என்றார் ஆசாரி, ஆகவே பலகை நீளம் ஐந்தரை அடி.

தரையிலிருந்து கொக்கிக்கு உயரம். உட்காரும் பலகை தரையிலிருந்து 17, 18 அங்குலத்தில் இருந்தால் வயதானவர்களுக்குக் கால் ஊன்றி எழ வசதி. மிச்ச உயரம்தான் சங்கிலி.

முன்னும் பின்னும் காலி இடம். குறைந்தது மூன்று மூன்றடி. பின்சுவரில் சுவிட்ச் போர்டு, அலமாரிக் கைப்பிடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட். அப்பார்ட்மென்ட் என்றால் லிஃப்ட்டின் உள் உயரத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

கொக்கியே இல்லாத வீடா? ஸ்லாபில் துளை போட்டு ஆங்கர் வைக்க வழி இருக்கிறது, ஆனால் சிவில் இன்ஜினியர் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். வாடகை வீடு என்றால் ஸ்டாண்டு ஊஞ்சலுக்குப் போய்விடுங்கள். அழகு கொஞ்சம் குறைவுதான், வேறு வழியில்லை.

5. அவருக்கென்று ஒன்று

ஊஞ்சல் எல்லார் வீட்டிலும் இருக்கும். அது அவருடையதாக வேண்டும் என்றால் ஏதாவது ஒன்று கூடுதலாக வேண்டும். தயவுசெய்து கம்பெனி லோகோவைப் பலகை நடுவில் பொறிக்காதீர்கள். அவர் வீட்டில் உட்காருவது விளம்பரப் பலகை மேலே இல்லை. எங்கள் ஹெச்.ஆர். கடைசி வரை கேட்டுப் பார்த்தார். பலகையின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகடு, பெயரும் இரண்டு வருடமும் மட்டும், என்று சமாதானம் ஆனோம்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஃபவுண்டரி, அதாவது வார்ப்படப் பிரிவு. வார்ப்புக்கு மணலில் அச்சு பதிக்க மரத்தில் பேட்டர்ன் செய்வார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்து இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) பேட்டர்ன் ஒன்று, தேக்கில் கடைந்தது, பேட்டர்ன் பிரிவின் மேல் அலமாரியில் தூசியோடு கிடந்தது. சிவப்புப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. தேய்த்ததும் உள்ளே மரம் கருந்தேன் நிறத்தில் இருந்தது. அதை ஊஞ்சலின் முதுகுச் சாய்வில் நடுவே பதித்தோம்.

இந்த மாதிரி எதையாவது தொழிற்சாலையிலிருந்து எடுத்தால், கழிவுப் பதிவேட்டில் எழுதி, திரும்பாத பொருளுக்கான கேட் பாஸ் போட்டு எடுங்கள். பழைய மரக்கட்டைதானே என்று பையில் வைத்துக்கொண்டு போய் செக்யூரிட்டியிடம் மாட்டினால், ரகசியமும் போகும், மானமும் போகும்.

ஆசாரியிடம் போகும் முன் ஒரு தாளில் முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் மூன்றையும் அளவோடு வரைந்து, இரண்டு பிரதியில் அவரும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். அடி அங்குலத்திலேயே எழுதுங்கள். எங்கள் டிசைன் பிரிவுப் பையன் மில்லிமீட்டரில் அருமையாகப் படம் போட்டுக் கொடுத்தான், பட்டறையில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

6. மரமும் பட்டறையும்

முதலில் நான் போனது பெரிய ஷோரூம் வைத்திருக்கும் ஒரு கடை. விலை குறைவாகச் சொன்னார்கள். என் கைப்பணத்திலிருந்து 15,000 அட்வான்ஸ் கொடுத்தேன், கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டு. மறுவாரம் கம்பெனி பெயரில் பில் கேட்டபோது, "பில்லு வேணும்னா 18 பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்றார்கள். மரத்தைப் பார்க்கலாமா என்றால் "குடோன்ல இருக்கு". போய்ப் பார்த்தால், அன்று அறுத்த மாதிரி ஈரம். ஈரமானியை வைத்தேன், 19 சதவீதம் காட்டியது. எங்கள் ஊர்க் காற்றுக்கு 12-க்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போன பிறகு காய்ந்து வெடிக்கும். பன்னிரண்டு நாள் வீண். பணம் மூன்று தவணையில் திரும்பி வந்தது.

ஆகவே கேட்கும் வரிசை இது. முதலில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா? வருட விற்பனை 40 லட்சத்துக்குக் கீழ் உள்ள சிறு பட்டறைக்குப் பதிவு கட்டாயமில்லை. அது தப்பும் இல்லை, ஆனால் உங்கள் அக்கவுண்ட்ஸ் அந்தப் பில்லை ஏற்குமா என்று முன்பே கேளுங்கள். இரண்டாவது, எழுத்தில் கொட்டேஷன்: மரத்தின் வகை, எத்தனை கன அடி, கூலி, பாலிஷ், வரி, எல்லாம் தனித்தனி வரியில். "ஊஞ்சல் ஒன்று, மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

கன அடியை நீங்களே சரிபார்க்கலாம். ஐந்தரை அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம். பெருக்கினால் ஏறக்குறைய 1.83 கன அடி. இழைப்பிலும் வெட்டிலும் கால் பங்குக்கு மேல் போகும், அதனால் இரண்டரை வரை கேட்பது நியாயம். சாய்வுக்கும் கைப்பிடிக்கும் சேர்த்து எங்களுக்கு நாலு கன அடி ஆனது.

தேக்கு என்றால் எந்தத் தேக்கு என்று கேளுங்கள். பர்மா, நிலம்பூர், நாட்டுத் தேக்கு, ஆப்பிரிக்கா, ஒவ்வொன்றும் ஒரு விலை. எது என்பதைவிட, வைரம் (உள்ளே இருக்கும் கெட்டி மரம்) எவ்வளவு, வெள்ளை (பட்டையை ஒட்டிய இளம் மரம்) எவ்வளவு என்பதில் கண் வையுங்கள். ஓரத்து வெள்ளையில்தான் பூச்சி முதலில் விழும். சாயம் பூசி நிறத்தை ஒன்றாக்கிவிட்டால் உங்களுக்குத் தெரியாது, ஆகவே பாலிஷ் போடும் முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். இரண்டடி அகலத்தில் ஒற்றைப் பலகை கிடைப்பது அரிது, மூன்று நாலு பலகை ஒட்டித்தான் செய்வார்கள். அதில் குறையில்லை.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: மரம் வாங்க 40 சதவீதம், பாலிஷுக்கு முன் நீங்கள் பார்த்த பிறகு 50, மாட்டி ஒரு மாதம் கழித்து 10. கடைசிப் பத்துக்கு ஆசாரி முகம் சுளிப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

சங்கிலி வாங்கும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். பித்தளையில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு.

7. பாலிஷ்

"மழ நாள்ல போட்டா பால் ஊத்துன மாதிரி ஆயிருமுங்க" என்று எங்கள் இரண்டாவது ஆசாரி எச்சரித்தார். நான்தான் அவசரப்படுத்தினேன். அக்டோபர் மூன்றாவது வாரம், வெளியே தூறல், மெலமைன் பூச்சு காயும்போது காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டு திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. தேய்த்து எடுத்து மறுபடி போட ஐந்து நாள். அதற்குள் ஆயுத பூஜை. பாலிஷ் நாட்களைப் பட்டறைக்காரர் முடிவு செய்யட்டும், உங்கள் கையிருப்பு வாரம் இதற்குத்தான்.

8. வண்டி, மாட்டுதல்

விழாவுக்குப் பொருளை மேடைக்குக் கொண்டுவரும் ஆசையை விடுங்கள். ஐந்தரை அடிப் பலகை மட்டுமே 30 கிலோவுக்கு மேல். மேடையில் ஏற்றி, இறக்கி, திரும்ப வண்டியில் ஏற்றினால் ஒரு மூலையாவது அடிபடும். நாங்கள் அலுவலகத்தில் சால்வை மட்டும் போட்டோம். அதே நேரம் குட்டி யானையில் ஊஞ்சல் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய போர்வைதான் நல்ல பேக்கிங். புதுப் பாலிஷ் மேல் பபுள் ரேப்பை இறுக்கிச் சுற்றினால் குமிழி அச்சு விழும்.

வண்டியோடு வரி இன்வாய்ஸ் பிரதி இருக்கட்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரை இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டாம். திருச்சூர், பாலக்காடு பக்கம் செய்து எடுத்து வருவதாக இருந்தால் 50,000-ஐத் தாண்டியதும் வேண்டும், கேரள எல்லையான வாளையாற்றில் நின்றுகொண்டு போன் போடுவதில் பயனில்லை.

மாட்டியதும் ஆளை உட்கார வைக்கும் முன், 50 கிலோ சிமென்ட் மூட்டை ஐந்தை ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மாலையில் அவர் வீட்டுக்கு வந்து, வராந்தாவில் நின்று, ஊஞ்சலைப் பார்க்காமல் கொக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "லோடு டெஸ்ட் பண்ணீங்களாப்பா?" அதற்கு அப்புறம்தான் பேட்டர்னைப் பார்த்தார். அதிலிருந்த பேட்டர்ன் நம்பரை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

9. எவ்வளவு ஆனது, அப்புறம் என்ன

மரம் 16,000 (கன அடி 4,000), கூலி 17,500, பாலிஷ் 6,000, வரி 7,110. கம்பெனி பில் 46,610. வசூலிலிருந்து சங்கிலி 19,000, தகடு 1,800, வண்டியும் கூலியாளும் 3,500, மாட்ட 2,500. ஆக 73,410 ரூபாய். ஈரமானி என் சொந்தக் கணக்கு, இப்போது பாதி ஆபீஸ் அதைக் கடன் கேட்கிறது.

கொடுத்த பிறகு மூன்று வேலை இருக்கும். வசூல் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பரிசின் மதிப்பு அவருடைய சம்பள வரிச் சான்றிதழில் (எங்களுக்கு ஃபார்ம் 16) சரியாக ஏறியதா என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள். மூன்றாவது, ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பலகை ஒட்டுகளைத் தடவிப் பாருங்கள். நான் டிசம்பர் முதல் வாரம் போனேன். ஒட்டு விடவில்லை. கொக்கியில் மட்டும் கிரீச் சத்தம், கொஞ்சம் கிரீஸ் வைத்ததும் நின்றது. அங்கிருந்தே ஆசாரிக்கு போன் போட்டு, நிறுத்தி வைத்திருந்த 10 சதவீதத்தை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.